ஆறு மில்லிமீட்டருக்கான வாதங்கள்

ஜூன் 3, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன். ஆறு மில்லிமீட்டர்தான். இனி மாற்றமில்லை.

மற்ற இருவருக்கும் இன்னும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சொல்வேன். வாக்கெடுப்பு ஜூன் 29. மூன்று பேர், மூன்று வாக்கு. ஒருவரை என் பக்கம் இழுத்தால் போதும். வரலாறு எம்.ஏ. படித்தவளுக்கு இது பெரிய காரியமா? வாதங்களை இந்த நோட்டிலேயே எழுதிப் பழகப்போகிறேன். எட்டு மாதமாகத் தொடாத நோட்டு. கடைசியாக எழுதியிருப்பது எலினா பிறப்பதற்கு முந்தைய நாள்: "பை கட்டியாயிற்று."

நாங்கள் மூவரும் மேசைமேல் போர் நடத்துகிறவர்கள். பொம்மைச் சிப்பாய்கள், அளவு நாடா, பகடை, ஒரு விதிப்புத்தகம். கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் இளையவனான சிராஜும் நானும் தொடங்கினோம். அவன் இப்போது தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் இருக்கிறான். பொன்ராஜ் அண்ணன் பின்னால் சேர்ந்தார். பல் செட்டு செய்கிற லேப் வைத்திருக்கிறார். பொருளையே அச்சடித்துத் தரும் ரெசின் பிரிண்டர் அவரிடம்தான் இருக்கிறது. பகலில் கடைவாய்ப்பல் அடிக்கும், ஞாயிற்றுக்கிழமை சிப்பாய் அடிக்கும்.

இதுவரை கிடைத்த பொம்மைகளையெல்லாம் கலந்து ஆடினோம். குதிரையைவிடக் குதிரைக்காரன் பெரியவனாக இருப்பான். இனி அப்படி இல்லை. கருங்கல்விளை என்று ஒரு பாளையத்தைக் கற்பனை செய்து வைத்திருக்கிறோம். அதன் கோட்டை, உள்ளே பாளையக்காரர் படை, வெளியே முற்றுகையிட வரும் கம்பெனிப் படை. எல்லாம் புதிதாக, ஒரே அளவில். இரண்டு வருட வேலை. தொடங்கிய பிறகு அளவை மாற்ற முடியாது.

அளவு என்றால் சிப்பாயின் உயரம். இருபத்தெட்டு மில்லிமீட்டர் சிப்பாய்க்கு மீசை உண்டு, பொத்தான் உண்டு, கண் உண்டு. அதையெல்லாம் தீட்டியாக வேண்டும். பதினைந்து, அதில் பாதி. ஆறு என்றால் ஒரு பொன்னி அரிசி எழுந்து நிற்கிறது, அவ்வளவுதான். முகம் ஒரு புள்ளி.

மூவருக்கும் பெயின்ட் அடிப்பவள் நான். அதனால் என் வாக்குக்கு எடை அதிகம்.

ஜூன் 5, வியாழன்

முதல் வாதம், இடம். எங்கள் மேசை ஆறடிக்கு நாலடி. இருபத்தெட்டில் கோட்டை கட்டினால் அதன் வாசல் மட்டும்தான் மேசையில் இருக்கும். பீரங்கிகளை அடுப்படியில் நிறுத்த வேண்டும். ஆறில் கோட்டை, அகழி, முள்காடு, கம்பெனியின் கூடாரங்கள் எல்லாமே மேசைக்குள் அடங்கும். போர் என்பது நிலம். நிலம் தெரியாமல் நாலு பேரை நிறுத்திவைப்பதற்குப் பெயர் போர் அல்ல, புகைப்படம்.

நன்றாக வந்திருக்கிறது. "புகைப்படம்" என்ற இடத்தில் சிராஜ் வாயடைத்துப்போவான்.

காலையில் ஐசக்குக்கு டீ கொடுத்தேன்.

"ஏட்டி, டம்ளர எதுக்குத் தரையில வைக்க? நான் என்ன பூனையா?"

"கையில எலி இருக்கா. சூடு பட்டுரும்."

எலினாவை வீட்டில் எலி என்றுதான் கூப்பிடுகிறோம். அவள் அப்போது கையில் இல்லை, பாயில் இருந்தாள். அவர் பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குனிந்து டம்ளரை எடுத்துக்கொண்டார்.

எலிக்கு நகம் வெட்டும் வேலையையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். அப்பாமாரும் ஏதாவது செய்யட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

அறிவித்துவிட்டேன். அண்ணன் லேபில், பல் அச்சுகள் அடுக்கிய அலமாரிக்கு முன்னால் நின்று, குறிப்பைப் பார்க்காமலே பேசினேன். குறிப்பைப் பிறகு இருவருக்கும் போனில் அனுப்பினேன்.

சிராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். "அக்கா! ஆறா? நீங்களா? ஒரு சுபேதார் மீசைக்கு மூணு பழுப்பு கலந்த ஆளு நீங்க. ஆறு மில்லில தளவாய்க்கும் தாரை ஊதுறவனுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் எறும்பு."

"தூரத்துல நின்னு பாக்குற தளபதிக்கு எல்லாரும் எறும்புதாம்ல."

"எறும்புப் படைக்கு விதிப்புத்தகம் எதுக்கு? நடுவுல கொஞ்சம் சீனி போட்டா தானா வரும்."

பொன்ராஜ் அண்ணன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். அவர் எந்தப் பக்கமும் சாயவில்லை. "ஒரே ஈட்டிக்காரன மூணு அளவுலயும் அடிச்சுத் தாரேன். ஜெனி மூணையும் பெயின்ட் அடிச்சுட்டு வரட்டும். பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு ஓட்டுப் போடுதேன். பல்லு நிறம் பாக்கையில அப்படித்தான, பக்கத்துல வெச்சாத்தான் தெரியும்."

நியாயம்தான். எனக்கு ஆட்சேபம் இல்லை என்று சொன்னேன்.

ஜூன் 10, செவ்வாய்

கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கைகூட லூசாக இருக்கிறது. பார்க்கிறவர்களெல்லாம் "பிள்ளை பெத்த மாதிரியே இல்ல" என்கிறார்கள். நன்றாகச் சாப்பிடுகிறேன், இரண்டு மடங்கு சாப்பிடுகிறேன். ஓடியாடி வேலை செய்தால் உடம்பு இப்படித்தான் இருக்கும்.

ஜூன் 12, வியாழன்

இரண்டாவது வாதம், எலி. இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

தவழ ஆரம்பித்ததிலிருந்து தரையில் கிடக்கும் எதுவும் தப்புவதில்லை. நேற்று ஒரு காய்ந்த கறிவேப்பிலையை வாயிலிருந்து எடுத்தேன். பிள்ளையின் தொண்டைக்குள் எது போகும் என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: பழைய பிலிம் ரோல் டப்பா. அதற்குள் விழுகிற எதுவும் ஆபத்து. தெருமுனை ஸ்டுடியோக்காரரிடம் ஒன்று கேட்டு வாங்கினேன். பழைய பொம்மைகளைப் போட்டுப் பார்த்தேன். இருபத்தெட்டு, பீடத்தோடு உள்ளே விழுந்தது. பதினைந்தும் விழுந்தது. ஆறும் விழும்தான், தனியாக இருந்தால். ஆனால் ஆறு தனியாக இருக்காது. இருபத்துநாலு பேரைச் சேர்த்து ஒரே பட்டையில் ஒட்டுவோம். அந்த அளவுக்கு அட்டையில் ஒரு பட்டை வெட்டிப் போட்டேன்; டப்பாவின் வாயிலேயே நின்றுவிட்டது.

ஐசக்கிடம் செய்து காட்டினேன்.

"சரி, பெருசோ சின்னதோ, பெட்டிய அலமாரியில பூட்டித்தான வெக்கப் போற?"

"அது வேற விஷயம்."

"என்ன வேற விஷயம்?"

அவர் துறைமுகத்தில் எந்தக் கண்டெய்னருக்கு மேல் எந்தக் கண்டெய்னர் என்று திட்டம் போடுகிறவர். எதற்கும் ஒரு பூட்டு, ஒரு வரிசை. தாய்க்கு இருக்கிற பயம் அவருக்கு எப்படிப் புரியும்?

ஜூன் 15, ஞாயிறு

மூன்று ஈட்டிக்காரர்களும் வந்துவிட்டார்கள். ஒரே ஆள், ஒரே தலைப்பாகை, ஒரே முறைப்பு. கம்ப்யூட்டரில் சிறிதாக்கி அடித்ததில் ஆறு மில்லிமீட்டர்க்காரனின் ஈட்டி மயிரைவிட மெலிந்து, பிரிண்டரிலிருந்து எடுக்கும்போதே உதிர்ந்துவிட்டதாம். அண்ணன் ஈட்டியை மட்டும் தடியாக்கி மறுபடி அடித்திருக்கிறார்.

"நெசத்துல இவன் தென்னமரத்தத் தூக்கிட்டு நிக்கான் பாத்துக்க," என்றார்.

சிராஜுக்குக் கொண்டாட்டம். "தென்னமரப் படை, அக்கா! கம்பெனிக்காரன் எளநி குடிச்சுட்டுத் திரும்பிப் போயிருவான்."

இன்னொரு முடிவும் எடுத்தார்கள். இருபத்தெட்டு என்றால் பாதத்திலிருந்து கண்வரை இருபத்தெட்டு. உச்சந்தலைவரை அளப்பவர்களும் உண்டு. தலைப்பாகை, தொப்பி என்று உச்சி ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இனி கண்தான் கணக்கு. இந்த மூவரையும் அண்ணன் அந்தக் கணக்கில்தான் அடித்திருக்கிறார். எலி அழுவதாக ஐசக் போன் செய்ததால் நான் பாதியில் கிளம்பிவிட்டேன்.

ஜூன் 18, புதன்

எலி தூங்கியதும் இருபத்தெட்டில் ஆரம்பித்தேன். வேட்டி நன்றாக வந்தது. தலைப்பாகை பரவாயில்லை. பிறகு கண். வெள்ளையில் ஒரு சிறு கோடு, நடுவில் கறுப்பு ஒரு புள்ளி. கல்லூரி நாளிலிருந்து நானூறு ஜோடிக் கண்ணாவது வைத்திருப்பேன்.

கறுப்பு கன்னத்தில் விழுந்தது. துடைத்தேன். அடுத்தது நெற்றியில். மின்விசிறிக் காற்று என்று நிறுத்தினேன்; வியர்த்துக் கொட்டியது, மறுபடி போட்டேன். இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றி, மணிக்கட்டு இரண்டையும் சேர்த்து அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன். எல்லாரும் செய்கிற உத்திதான். தூரிகை முனை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்தது. ஈட்டிக்காரன் முகத்தில் கறுப்பு மூன்று இடத்தில் கிடந்தது. ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுக் கழுவினேன்.

தூரிகைகள் பழசாகிவிட்டன. புதிது வாங்க வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

ஆறு மில்லிமீட்டர்க்காரன் தயார். உடம்புக்கு ஒரு பூச்சு, தலைப்பாகைக்கு ஒரு தொடல், முகத்துக்கு ஒரு புள்ளி. நாலு நிமிடம். பிரமாதம். பதினைந்தும் சுமாராக வந்துவிட்டது.

மூன்றாவது வாதம், நேரம். இதை எழுதவே வேண்டாம், கண் முன்னால் நிற்கிறது.

புதுத் தூரிகை வந்தது. அதுவும் சரியில்லை.

ஜூன் 21, சனி

மத்தியானம் கீழே காய்க்காரர் வந்தார். எலியைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தேன். பதினான்கு படி. மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு, ஓடிவந்த மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. காய்க்காரர் போய்விட்டார். கீழ்வீட்டு அக்கா நிமிர்ந்து பார்த்து, "என்ன ஜெனி, காத்து வாங்குதியா?" என்றார்.

"ஆமாக்கா."

பிறகு எலியை மடியில் இறுக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக உட்கார்ந்தபடியே இறங்கினேன். அவளுக்கு ஒரே சிரிப்பு. நல்ல விளையாட்டு. பிள்ளைகளுக்கு இப்படி ஏதாவது கண்டுபிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கை நடுங்குகிறவளிடம் யாராவது பிள்ளையை விடுவார்களா?

இந்த வரியை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. நாளைக்கு அடித்துவிடுகிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

இருபத்தெட்டைத் தீட்ட நேரமில்லை. எலிக்குப் பல் முளைக்கிறது; நாள் முழுக்க மடியை விட்டு இறங்குவதில்லை.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. இதே ஈட்டிக்காரனைப் பொன்ராஜ் அண்ணன் இரண்டு வருடத்துக்கு முன்பு சோதனைக்காக இருபத்தெட்டில் அடித்துக் கொடுத்தார். நான் தீட்டி அலமாரியில் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்த்தேன். கண்கள் அப்படியே முறைக்கின்றன. புருவத்தில்கூட இரண்டு நிறம். நான்தான் செய்தேன்.

இதைக் கொண்டுபோகலாம். ஒரே பொம்மை, ஒரே அளவு, தீட்டியவளும் ஒருத்தி. எப்போது தீட்டியது என்பது விவாதத்துக்குத் தேவையில்லாத விவரம். தவிர, இது எதிர்க்கட்சியின் பொம்மை. எதிர்க்கட்சிக்கு என் சிறந்த வேலையைக் கொடுத்துவிட்டு வாதத்தால் ஜெயிப்பேன். இதைவிட நேர்மையான போட்டி உண்டா?

ஜூன் 30, திங்கள்

நேற்று எழுதவில்லை. எழுத முடியவில்லை. ஒருநாள் கழித்து எழுதுகிறேன்.

மூன்று ஈட்டிக்காரர்களையும் அண்ணனின் வெள்ளை டைல்மேல் வரிசையாக நிறுத்தினேன். சிராஜ் இருபத்தெட்டைப் பார்த்ததும் கைதட்டினான். "இத விட்டுட்டு அரிசிய அடுக்கணுமாக்கும்!" நான் எழுந்து நின்று முதல் வாதத்தைத் தொடங்கினேன்.

பொன்ராஜ் அண்ணன் என்னைக் கவனிக்கவில்லை. பல் அளக்கிற காலிப்பரை எடுத்து ஈட்டிக்காரனின் பாதத்தில் ஒரு முனை, உச்சியில் ஒரு முனை வைத்தார். மறுபடி வைத்தார்.

"ஏ பிள்ள, இவன் நான் குடுத்த ஆளு இல்லயே."

"உங்க பிரிண்டர்ல வந்தவந்தாண்ணே."

"என் பிரிண்டர்தான். ஆனா ரெண்டு வாரத்துக்கு முந்தி குடுத்த ஆளு இல்ல. கண்ணு வரைக்கும் இருபத்தெட்டுன்னா உச்சி முப்பதுல வரணும். இவன் உச்சியே இருபத்தெட்டுல நிக்கான். பழைய கணக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கேதான் இருந்தேன். கண்வரை என்று என் காது கேட்கத்தான் முடிவு செய்தார்கள். இந்த நோட்டில் எழுதிக்கூட வைத்திருக்கிறேன். பழைய பொம்மையைக் கையில் எடுத்தபோது கண்ணின் அழகைப் பார்த்தேனே தவிர, அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கவில்லை. பத்து வருடமாக இந்த வேலை செய்கிறவள் செய்கிற தப்பா இது?

"பல்லு அரை மில்லி கூடிட்டா வாய மூட முடியலன்னு ஆளு திரும்பி வந்து நிப்பான். எங்கிட்டயே ரெண்டு மில்லி ஏமாத்துதியே," என்றார் சிரித்துக்கொண்டே. "புதுசு எங்க?"

"வீட்டுல."

"ஏன் கொண்டாரல?"

வாய்க்கு வந்த காரணங்களைச் சொன்னேன். எலிக்குப் பல், தூரிகை, வெளிச்சம். அவர் உருப்பெருக்கி விளக்கைப் போட்டார். ஒரு மெல்லிய தூரிகையை என் கையில் கொடுத்து, ஒரு பல் அச்சை முன்னால் வைத்தார். "இதுல ஒரு கோடு போடு."

விளக்குக்குக் கீழே என் விரல்கள் பெரிதாகத் தெரிந்தன. தூரிகை முனை நிற்கவில்லை.

"அக்கா, காப்பி ஜாஸ்தியா குடிச்சீங்..." என்று ஆரம்பித்த சிராஜ் பாதியில் நிறுத்திவிட்டான்.

அண்ணன் விளக்கை அணைத்தார். "என் நாற்காலியில உக்காருதவன்ல பத்துக்கு ஒம்பது பேருக்குக் கை நடுங்கும். பயம். எழுந்திரிச்சுப் போனா நின்னுரும். ஒனக்குச் சிரிக்கையிலயும் நடுங்குது பிள்ள. ஆளும் பாதியா போயிட்ட. நாளைக்கே போயி ரத்தம் குடுத்துப் பாரு. ஓட்டு எங்கயும் ஓடிராது."

நான் பொம்மைகளைப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினேன். ஐசக் எலியோடு பைக்கில் வந்து வாசலில் ஹாரன் அடித்தார். அண்ணன் என்னை முந்திக்கொண்டு வெளியே போய் அவரிடம் பேசினார்.

ஜூலை 3, வியாழன்

ரத்தப் பரிசோதனை முடிவோடு டாக்டரம்மாவைப் பார்த்தோம். தைராய்டு. பிரசவத்துக்குப் பிறகு சில பேருக்கு வருமாம். சுரப்பி வீங்கி, தேவைக்குமேல் கொட்டிவிடுகிறது. படபடப்பு, வியர்வை, இளைப்பு, கை நடுக்கம், எந்நேரமும் ஏதோ நடந்துவிடும் என்ற பயம். வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். என் நோட்டை யாரோ படித்துக்காட்டுவதுபோல இருந்தது.

"எவ்வளவு நாளா நடுக்கம்?"

"ரெண்டு, மூணு வாரமா."

"மூணு மாசம்," என்றார் ஐசக்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் டாக்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஈஸ்டருக்கு முன்னாலயிருந்து. டம்ளர கையில தரமாட்டா. பிள்ளைய நின்னுக்கிட்டுத் தூக்கமாட்டா, உக்காந்துதான் தூக்குவா."

துடிப்பைக் குறைக்க ஒரு சின்ன மாத்திரை. பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். நடுக்கம் குறையும், உடனே முழுசாக நிற்காது. சில மாதத்தில் சுரப்பி சோர்ந்துபோய் எதிர்ப்பக்கம் சாயவும் சாயலாம். மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும்.

"பிள்ளைய நானே பாத்துக்கிடலாமா டாக்டர்?"

"வேற யாரு பாப்பா? நீங்கதான் பாக்கணும். படியில மட்டும் கொஞ்ச நாளைக்கு யாராவது கூட இருக்கட்டும்."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். எலி அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டேனே. கேட்கும்போதெல்லாம் நீ பொம்மையப் பத்திப் பேசுத. ஆறு மில்லி, பதினஞ்சு மில்லின்னு. நான் என்ன செய்ய? எனக்கும் பயமா இருந்துச்சு ஜெனி. டாக்டர் வேற எதாச்சும் பெருசாச் சொல்லிட்டா என்ன செய்யன்னு சும்மா இருந்துட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மீதா, என்மீதா என்று பார்ப்பதற்குள் எலி விழித்துக்கொண்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

ஐந்து நாள் மாத்திரை. நெஞ்சு அமைதியாக இருக்கிறது. கை முன்பு ஓடுகிற பேருந்துபோல உதறியது. இப்போது இன்ஜினை அணைக்காமல் நிறுத்திவைத்த பேருந்துபோல. உதறல் நிற்கவில்லை, ஆனால் உள்ளே உட்காரலாம்.

இன்று எலியை நின்றுகொண்டே தூக்கினேன். ஐசக் கதவோரம் நின்றார். உதவிக்கு வரவில்லை, போகவும் இல்லை.

பிறகு இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். ஒரு விஷயம் எரிச்சலாக இருக்கிறது. வாதங்கள் எல்லாமே சரி. நிலம், டப்பா, நேரம், எதிலும் ஓட்டை இல்லை. மறைக்க எழுதியவள் நான், ஆனாலும் எழுதியது பொய்யில்லை. இப்போது எதற்கு வாக்களிப்பது? ஆறுக்கென்றால் பயந்து போட்டதாக இருக்கும். இருபத்தெட்டுக்கென்றால் என் வாதத்தையே நான் தோற்கடிக்க வேண்டும்.

யோசித்தேன். ரொம்ப நேரம் ஆகவில்லை. தோற்கடிப்பேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஐசக்கும் எலியும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். எலிக்கு அண்ணன் ஒரு பெரிய மாதிரிப் பல் செட்டைக் கொடுத்தார். டப்பாவில் போட முடியாத அளவு; நான் கண்ணாலேயே அளந்துவிட்டேன்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "ஆறு வேணும்னு நான் பேசுனது கையை மறைக்க. பழைய பொம்மையக் கொண்டாந்ததும் அதுக்குத்தான். ஏமாத்துனது தப்பு. இன்னைக்கு என் ஓட்டு இருபத்தெட்டு."

சிராஜ் தலையில் கைவைத்தான். "என்னக்கா இப்படிச் செய்தீங்க! நான் ஆறுக்கு மாறிட்டேனே."

"என்னது?"

"நீங்க அனுப்புன குறிப்ப வெச்சு அட்டையில கோட்டை வெட்டிப் பாத்தேன். அகழி, காடு, பீரங்கி மேடு, எல்லாமே மேசையில நிக்குது. மொத முறையா ஒரு முற்றுகை எப்படி இருக்கும்னு முழுசாத் தெரிஞ்சுது. புகைப்படம்னு சொன்னீங்கல்லா, அது சரிதாங்கா."

ஐசக் அடக்க முடியாமல் சிரித்தார். பொன்ராஜ் அண்ணன் மேசையைத் தட்டினார். "ஒண்ணுக்கு ஒண்ணு. ஏ ஜெனி, ஒன் வாதத்துக்கு நீயே பதில் சொல்லு. பத்து வார்த்தைக்கு மேல போவக்கூடாது."

பத்து வார்த்தைக்கு மேல்தான் போனது. நான் எழுதிக்கொண்டு போகவில்லை, நின்றபடி சொன்னேன். "ஆறுல இருபத்துநாலு பேரு செத்தா ஒரு பட்டையப் பின்னால தள்ளுவோம். இருபத்தெட்டுல ஒருத்தன் செத்தா கையால எடுத்து ஓரமா வெக்கணும். எவன்னு தெரிஞ்சு வெக்கணும். சிராஜு சொன்ன மாதிரி ஆறுல போர் முழுசாத் தெரியும். ஆனா எனக்கு ஆளு தெரியணும். அதுக்குத்தான் நான் பெயின்ட் அடிக்கேன். இல்லன்னா எனக்கு இதுல வேலையே இல்ல."

"மேசை பத்தாதுன்னீங்க?"

"கோட்டை முழுசும் வேண்டாம். வாசலும் ஒரு கொத்தளமும் போதும். பீரங்கி அடுப்படியில நிக்கட்டும்."

அண்ணன் மூன்று ஈட்டிக்காரர்களையும் மாறிமாறிப் பார்த்தார். இந்த முறை புதிய இருபத்தெட்டையே கொண்டுபோயிருந்தேன். கழுவித் துடைத்த வெறும் சாம்பல்நிற முகத்தோடு.

"கை நிக்கட்டும்னு காத்துக்கிட்டு இருப்பியா?"

"மாட்டேன். நாளைக்கே ஆரம்பிக்கேன்."

"கண்ணு கோணிக்கிட்டா?"

"கோணட்டும்."

"அப்போ இருபத்தெட்டு," என்று சொல்லிவிட்டு பிரிண்டர்மேல் இருந்த துணியை எடுத்தார்.

சிராஜ் என்னைப் பார்த்து விரலை ஆட்டினான். "கோணிச்சுன்னா நான் சிரிப்பேன் அக்கா, இப்பவே சொல்லிட்டேன்."

"சிரி. ஆனா உன் கம்பெனிப் படைக்கும் நாந்தாம்ல கண்ணு வெக்கணும். ஞாபகம் இருக்கட்டும்."

ஜூலை 16, புதன்

எலி விழித்திருக்கும்போதே உட்கார்ந்தேன். அவளைக் கட்டிலில் ஐசக் பிடித்துக்கொண்டார். அவருக்கு இன்று விடுமுறை.

வெள்ளைக் கோடு சரியாக விழுந்தது. இடது கருவிழி நடுவில். வலது கருவிழி வைக்கும்போது விரல் ஒருமுறை துள்ளியது. புள்ளி மூக்கோரம் ஒதுங்கிவிட்டது. துடைக்கத் துணியை எடுத்தேன். துடைக்கவில்லை. விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். ஒரு கண்ணால் நேரே முறைக்கிறான், மற்றொரு கண்ணால் பக்கத்தில் எவனோ வருகிறானா என்று பார்க்கிறான். கோட்டை வாசல் காவலுக்கு நிற்கிறவன் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

ஐசக்கிடம் நீட்டினேன், கையில்.

"யாரு இது?"

"கருங்கல்விளையில மொத ஆளு."

"என்ன முழி முழிக்கான்!"

"ராத்திரி பூரா காவல் நின்னவன் வேற எப்படி முழிப்பான்?"

வார்னிஷ் அடித்துக் காயவைத்துவிட்டேன். இன்னும் நூற்றுப்பத்தொன்பது பேர். அடுத்தவனை எடுக்கிறேன்.